சிரிப்பு புரிந்தால் தமிழ் புரியும்



போன பொங்கலுக்குத் திருப்பதியில் நம்மவர்கள் கூடியபோது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று மேடையேறிப் பத்துக் குறள்களைத் தடுமாறாமல் ஒப்பித்தது. நாமெல்லாம் கை தட்டினோம். அடுத்து வந்த பேச்சாளர் ஒரு வேடிக்கைத் துணுக்கு சொன்னார். பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முன் வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த முப்பது குழந்தைகளில் ஒன்று கூடச் சிரிக்கவில்லை. குறள் சொன்ன அந்தக் குழந்தை தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் கேட்டது: "அம்மா, எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள்?"

அந்தக் கேள்வி வீடு வந்து சேரும்வரை என் காதில் இருந்தது. ஒப்பிப்பதற்கு நினைவாற்றல் போதும். சிரிப்பதற்கு மொழி வேண்டும். வெளி மாநிலத்தில் குடியேறிய நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுத்துவிட்டோமா இல்லையா என்பதைச் சோதிக்க இதைவிட நல்ல பரீட்சை இல்லை என்பது என் கட்சி. அந்தப் பரீட்சையில் என் சொந்த வீடு எப்படித் தோற்க இருந்தது, ஓர் இயந்திர நாய் எப்படிக் காப்பாற்றியது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம். ஊர்ப் பெயரிலேயே இரண்டு மொழியும் கலந்திருக்கிறது. தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். நம் பழந்தமிழில் மூங்கிலுக்கு 'வெதிர்' என்று பெயர். 'குப்பம்' என்ற சொல்லை இரு மொழிக்காரரும் உரிமை கொண்டாடலாம். என் தகப்பனார் சோளிங்கரிலிருந்து இங்கே வெல்ல மண்டியில் கணக்கு எழுத வந்தவர். 1960இல் ஆந்திர, சென்னை மாநிலங்களுக்கிடையே எல்லை மாறித் திருத்தணி அந்தப் பக்கம் போனது. சித்தூர் இந்தப் பக்கமே இருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் தெலுங்கு. தமிழ் எழுத்தை அப்பா இரவில் அரிக்கேன் விளக்கில் சொல்லிக் கொடுத்தார். நான் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அவருடைய பிரம்பு அல்ல. ஆனந்த விகடன்.

வாரம் தவறாமல் புத்தூரிலிருந்து பஸ்ஸில் விகடன் வரும். (எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் அதே புத்தூர்தான்!) கண்டக்டர் அதைச் சுருட்டி டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார். 1980களின் பின்பாதியில், எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும்போது, அதில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடர்கதையாக வந்தது.

இளைய தலைமுறைக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை. இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். எல்லாம் அரசாங்கத்தின் உத்தரவுப்படி. பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அனுமதி வாங்க வேண்டும். குடிமக்களின் பெயர்கள் கூடக் குட்டி குட்டியாக நிலா, சிபி, ரவி, மனோ என்றுதான் இருக்கும். நிலாவின் கணவன் சிபி ஒரு நாள் காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குத் தங்க வரும் ரவி, கூடவே ஒரு இயந்திர நாயைக் கொண்டு வருகிறான். அதுதான் ஜீனோ. அது பேசும், படிக்கும், படித்துப் படித்துச் சொந்தமாக யோசிக்கவும் ஆரம்பித்துவிடும். பயங்கரமான ஆட்சியைப் பற்றிய கதை. ஆனால் அதில் வரும் எல்லாரையும் விட அந்த நாய்க்குத்தான் நகைச்சுவை உணர்ச்சி அதிகம். கதையின் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ' என்று வந்தது. தலைப்பிலேயே நாயின் பெயர் இடம் பிடித்ததிலிருந்து வாசகர்கள் யாரைக் கொண்டாடினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே வாராவாரம் நான் உரக்கப் படிக்க வேண்டும். ரோபோ என்றால் என்ன என்று ஆயா கேட்கவில்லை. "விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் பேசலையா, அதுமாதிரி இது" என்று தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஜீனோ குத்தலாக ஏதாவது சொல்லும்போது வெற்றிலை வாயோடு சிரித்துப் புரையேறும். அதன் பிறகு இரண்டு வரியை மறுபடி படிக்கச் சொல்லும். ஆயா சிரிக்க வேண்டும் என்பதற்காகவே நான் முன்கூட்டி ஒரு முறை தனியாகப் படித்து, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை மாற்ற வேண்டும் என்று பழகிக்கொள்வேன். எனக்குத் தமிழ் வந்தது அந்தப் பழக்கத்தில்தான்.

பிறகு அதே கதை தூர்தர்ஷனில் தொடராக வந்தது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் டி.வி. மூங்கில் கழியை ஒன்றுடன் ஒன்று கட்டி, உச்சியில் ஆண்டெனாவை வைத்துச் சென்னைப் பக்கம் திருப்பினால் படம் வரும். சில நாள் படத்தைவிடப் புள்ளிகள்தான் அதிகம் வரும். திரையில் வந்தது நான் மனதில் வளர்த்து வைத்திருந்த ஜீனோ அல்ல. எனக்கு ஏமாற்றம். ஆயாவுக்கோ பரம சந்தோஷம். "நீ படிச்சப்ப எனக்கு நாய் தெரிஞ்சுது, வீடு தெரியலை. இப்ப வீடும் தெரியுது" என்றது. எனக்கு ஒரு வாசல் அடைபட்டது போலிருந்த அதே இடத்தில் ஆயாவுக்கு வேறொரு வாசல் திறந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் அரிகதை சொல்பவர் பாரதக் கதையைப் பாட்டும் வசனமுமாகச் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பகல் வெளிச்சத்தில் ஊரே நின்று பார்க்கும். கடைசியில் களிமண்ணால் செய்த துரியோதனன் தரையில் படுத்திருப்பான். காதுக்கு ஒரு பாரதம், கண்ணுக்கு ஒரு பாரதம், கையால் தொட்டுப் பார்க்க ஒரு பாரதம். "காலையிலேயே கேட்டாகிவிட்டதே, ராத்திரி எதற்கு?" என்று யாரும் வீட்டில் தூங்கியதில்லை. அந்தத் துயரக் கதைக்கு நடுவே வந்து சிரிக்க வைக்கும் கோமாளிக்காகவே காத்திருக்கும் குழந்தைகள் உண்டு. ஜீனோ எனக்கு அந்தக் கோமாளியின் பேரப்பிள்ளையாகத்தான் படுகிறது.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சொல்லித் தெரிந்துகொண்டேன். டக்ளஸ் ஆடம்ஸ் என்பவர் எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி'. பூமியை இடித்துத் தள்ளிவிட்டு விண்வெளிச் சாலை போடுகிறார்கள் என்று ஆரம்பிக்கும் வேடிக்கைக் கதை. அது முதலில் புத்தகமாக வரவில்லை. 1978இல் பி.பி.சி. வானொலியில் நாடகமாக வந்தது. 1979இல் நாவலானது. 1981இல் தொலைக்காட்சித் தொடர், 1984இல் கம்ப்யூட்டர் விளையாட்டு, ஆசிரியர் 2001இல் காலமான பின் 2005இல் சினிமா. ஒன்றில் நடப்பது இன்னொன்றில் அப்படியே நடக்காது. ஆடம்ஸ் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வானொலிக்கு எது சிரிப்பு தருமோ அது வானொலியில், அச்சுக்கு எது பொருந்துமோ அது அச்சில். அதிலும் ஓர் இயந்திரன் வருகிறான். மார்வின் என்று பெயர். எந்நேரமும் மனச்சோர்வு. நம் ஜீனோவுக்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே அறையில் விட்டால் என்ன நடக்கும் என்று நானும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசிச் சிரித்தோம்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்க்கட்சியும் நானே பேச வேண்டும். கதை எல்லாச் சாதனத்திலும் வரட்டும், ஆனால் எல்லாச் சாதனமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 1991இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய 'ஆதித்யா 369' தெலுங்கில் வந்தது. கால இயந்திரத்தில் ஏறிக் கிருஷ்ணதேவராயர் காலத்துக்கும், பிறகு 2504ஆம் ஆண்டுக்கும் போய் வரும் படம். இசை நம் இளையராஜா. அது 'அபூர்வ சக்தி 369' என்று தமிழும் பேசியது. 2010இல் 'எந்திரன்' வந்தது. 2008இல் மறைந்த சுஜாதா அதற்கும் வசனத்தில் பங்களித்திருந்தார். எங்கள் பக்கத்துத் திரையரங்குகளில் அது 'ரோபோ' என்ற பெயரில் தெலுங்கில் ஓடியது. எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சிட்டியின் குறும்புக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தெலுங்கில்தான் சிரித்தாள். அதில் தவறில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபின், அதை எழுதியவர்களில் ஒருவர் நம் ஜீனோவை எழுதியவர் என்றேன். "ஜீனோ யாரு?" என்றாள்.

சினிமாவில் நடிகர் விழுந்தால் எந்த மொழியிலும் சிரிக்கலாம். டப்பிங் செய்துவிடலாம். ஆனால் ஒரு வாக்கியம் நேராகப் போய்க்கொண்டிருந்து, கடைசிச் சொல்லில் வாலை ஆட்டுகிறதே, அந்தச் சிரிப்பைப் பெயர்த்து எடுக்க முடியாது. சுஜாதாவின் நகைச்சுவை பெரும்பாலும் அந்த வகை. அதற்குத் தமிழ்தான் வாசல்.

என் மகளுக்கு அந்த வாசல் 2021இல் திறந்தது. கொரோனா இரண்டாம் அலை. கல்லூரி மூடி அவள் வீட்டில் இருந்தாள். வயது பத்தொன்பது. தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. சொல்லித் தராதது என் குற்றம்தான். மருந்துக்கடையை மூடிவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்தால் எனக்கு எதற்கும் தெம்பிருக்காது என்று பத்தொன்பது ஆண்டுகள் சாக்குச் சொல்லியிருந்தேன். அந்த ஏப்ரலில் சோளிங்கரில் என் சித்தப்பா தவறிப் போனார். மாநில எல்லையைத் தாண்ட அனுமதி கேட்டுவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அனுமதி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்று இரவு மனம் கேட்காமல் அலமாரியைக் குடைந்தபோது 'என் இனிய இயந்திரா' கையில் வந்தது. "எல்லாத்துக்கும் அரசாங்க உத்தரவுக்குக் காத்திருக்கிற கதை. நாம இப்ப இருக்கிற காலத்துல நடக்கிறதா அப்பவே எழுதினது. படிக்கட்டுமா?" என்றேன். சரி என்றாள்.

தினம் பத்துப் பக்கம். ஆயாவுக்குப் படித்த அதே நிறுத்தங்கள், அதே குரல் மாற்றங்கள், முப்பது வருஷத்துக்குப் பிறகு தானாக வந்தன. ஜீனோ பேச ஆரம்பித்த பிறகு அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். நான் நிறுத்தினால் "தருவாத்த ஏமைந்தி? அப்புறம்?" என்று இரண்டு மொழியிலும் கேட்பாள்.

கதை பாதியில் நிற்கும்போது எனக்குக் கொரோனா வந்துவிட்டது. மாடி அறையில் தனியாகப் படுத்துவிட்டேன். தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. புத்தகம் கீழே அவளிடம் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் என் மனைவியிடம் தமிழ் எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தெலுங்கு எழுத்தை எழுதிக்கொண்டாள். ஐந்தாம் நாள் மாலை என் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து உரக்கப் படிக்கத் தொடங்கினாள். இரண்டு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். தெலுங்கில் நான்கு எழுத்து இருக்கும் இடத்தில் தமிழில் ஒரே 'க', ஒரே 'ப'. 'பயம்' என்பதை எப்படிப் படிப்பது? எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறுவார்கள். அவளும் முதலில் தப்பாகப் படித்துவிட்டு, ஒரு கணம் நின்று, "ஓ, பயமா!" என்று தானே திருத்திக்கொண்டாள். சொல் ஏற்கெனவே காதில் இருந்தது. கண் அதைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டது. எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்குப் போவதைவிட, சொல்லில் தொடங்கி எழுத்துக்கு வருவது எவ்வளவு சுலபம் என்பதைக் கதவுக்கு உள்ளே படுத்தபடி கண்டுகொண்டேன். ஒரு நாள் ஜீனோவின் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். சத்தமே இல்லை. பிறகு குபீரென்று சிரித்தாள். யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவளே படித்து, அவளே புரிந்து, அவளே சிரித்தது. நானும் சிரித்தேன், இருமல் வந்துவிட்டது. "அப்பா, சிரிக்காதீங்க" என்று வெளியிலிருந்து அதட்டல் வேறு.

இதை நான் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, "நாய் பேசுகிற கதையா தமிழ்? முதலில் ஆத்திசூடி, அப்புறம் குறள். விஞ்ஞானக் கதையெல்லாம் பொழுதுபோக்கு" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. நாய்க்கதையோடு நின்றுவிட்டால் அது தமிழ் ஆகாதுதான். ஆனால் என் மகள் நிற்கவில்லை. இப்போது குறள் படிக்கிறாள். ஒப்பிக்கத் தெரியாது. ஆனால் ஒரு குறளைப் படித்துவிட்டு, "இதை எழுதினவருக்கு நல்ல குசும்பு, அப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். பொங்கல் மேடையில் பத்துக் குறள் சொன்ன குழந்தைக்கும் ஒரு நாள் அப்படித் தோன்ற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். ஆனால் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்துகொண்டு நிறைய எழுதினார். அவர் 'கடைசிப் பக்கம்' எழுதிய கணையாழி 1965இல் டெல்லியிலிருந்து தொடங்கப்பட்ட பத்திரிகை. நம்மைப் போல் வெளியூரில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் தமிழில் புதுசாகச் சிரிக்கவும் யோசிக்கவும் வழி செய்தார்கள். ஊரை விட்டு வந்துவிட்டோம், இனி நம் தமிழ் தேய வேண்டியதுதான் என்று பெருமூச்சு விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஆகவே சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் சின்னது, செலவில்லாதது. மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிரிக்க வைக்கும் கதை ஒன்றை யாராவது நன்றாக உரக்கப் படிக்கட்டும். அது ஜீனோவாக இருக்கலாம், தேவனாக இருக்கலாம், கல்கியாக இருக்கலாம். நடுநடுவே தெலுங்கில் விளக்கம் சொல்ல வேண்டாம். விளக்கிய சிரிப்பு ஆறிய காபி. முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். மீதியைத் தெரிந்துகொள்ளப் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்புங்கள். படமாக வந்திருந்தால் பிறகு படத்தையும் போட்டுக் காட்டுங்கள். "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று ஒரு குழந்தை சண்டைக்கு வந்தால், அன்றைக்குப் பாயசம் வையுங்கள். அது தமிழ் படித்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. களைப்பாக இருக்கிறது என்று நான் பத்தொன்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். பத்துப் பக்கத்துக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. காய்ச்சல் வந்து படுக்கும்வரை காத்திராதீர்கள். உங்கள் வீட்டில் கண் மங்கிய ஆயாவோ தாத்தாவோ இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளையை அவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இப்போது அட்டை கிழிந்து, தெலுங்கில் பென்சில் குறிப்புகளோடு இருக்கிறது. அடுத்த பொங்கல் விழாவுக்கு அதைக் கொண்டு வருகிறேன். முன் வரிசையில் ஜமுக்காளத்தில் உட்காரும் குழந்தைகளுக்கு என் மகள் இரண்டு பக்கம் படித்துக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.